உடைந்த சிலேட்டோடு வரும் பழைய பூல் டேபிள்: வேலையை ஒத்துக்கொள்வதா, விடுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஆறு வருடமாகப் பூல் டேபிளுக்குத் துணி மாற்றுகிறீர்கள், மட்டம் பார்க்கிறீர்கள், பிரித்து எடுத்துப்போய் வேறு இடத்தில் பூட்டுகிறீர்கள். இப்போது ஒருவர் கூப்பிட்டு, பல காலமாகப் பிரித்துப் போட்டுக் கிடக்கும் பழைய ஒன்பதடி டேபிள் ஒன்றை ஆடும் நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்கிறார். துணிக்கு அடியில் ஆடுதளமாக இருக்கும் கற்பலகைகளான மூன்று சிலேட்டில் நடுச் சிலேட்டு இரண்டாக உடைந்திருக்கிறது. ஒரு மூலையில் பாக்கெட் பக்கம் சில்லு பெயர்ந்திருக்கிறது. யாரோ முன்பே அதில் எதையோ பூசிப் பார்த்திருக்கிறார்கள். பந்து பட்டுத் திரும்பும் ஓரத்து ரப்பர் கல்லாகிவிட்டது. புதுசு மாதிரி ஆட வேண்டும், ஆனால் பழைய தோற்றம் மாறக் கூடாது என்பது உரிமையாளரின் ஆசை.

நீங்கள் கேட்டிருப்பது, சிலேட்டை எந்தப் பசையால் ஒட்டுவது என்று. ஆனால் கடைசி வரியில், "எடுக்கலாமா, தெரியவில்லை என்று விட்டுவிடலாமா?" என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். பசைக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். எடுக்கலாமா என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்து மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி நீங்கள் செய்யும் அதே வேலைதான். உடைந்த சிலேட்டு வேலை என்று கையால் எண்ணிவிடக்கூடிய அளவுதான் எடுத்திருக்கிறேன். விட்டது அதைவிட அதிகம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களை வைத்து விரிசல் எவ்வளவு ஆழம், கல் உள்ளே பிளந்திருக்கிறதா என்றெல்லாம் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. படத்தைப் பார்த்தே "ஒட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். சிலேட்டு அடுக்கடுக்கான கல். மேலிருந்து அழுத்தினால் எவ்வளவும் தாங்கும், வளைத்தால் தாங்காது. ஒன்பதடி டேபிளின் மூன்று சிலேட்டும் ஓர் அங்குலக் கனம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 கிலோ வரும். அதைப் படுக்கப் போட்டு, இரண்டு ஓரத்தில் மட்டும் கட்டை கொடுத்து, நடுவில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் தன் எடையே அதற்குப் பகை. மேலே நாலு பெட்டி ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். நடுச் சிலேட்டில் இரண்டு பக்கமும் நடுப் பாக்கெட்டுக்காக வளைவு வெட்டியிருப்பார்கள். ஆக, அந்தக் கல்லில் ஆகக் குறுகலான இடம் ஒரு நடுப் பாக்கெட்டிலிருந்து எதிர்ப் பாக்கெட் வரை போகும் கோடுதான். உங்கள் படத்தில் உடைந்திருப்பதும் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றால், இரண்டும்.

கெட்டது என்னவென்றால், அது டேபிளின் நட்டநடு. பந்து அதைத் தாண்டாமல் ஆட்டம் நடக்காது. மூலையில் ஒரு குறை இருந்தால் பழகிய ஆள்கூட நாலு ஆட்டம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார். நடுவில் இருந்தால் முதல் மெதுவான அடியிலேயே தெரிந்துவிடும். நல்லது, அப்படி நேராகக் குறுக்கே உடைந்த கல்லுக்கு வழி இருக்கிறது. நான் இதைப் பார்க்கும் விதமே வேறு. மூன்று சிலேட்டு டேபிளில் ஒன்று உடைந்துவிட்டது என்று நான் எண்ணுவதில்லை. அது நாலு சிலேட்டு டேபிளாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு மூட்டு இருந்தது, இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மற்ற இரண்டு மூட்டையும் நீங்கள் எப்படிப் பிடித்து நிறுத்துகிறீர்கள்? பசையாலா? இல்லை. அடிச்சட்டத்தின் குறுக்குக் கட்டை கீழே இருக்கிறது, அதன் மேல் ஆப்பு வைத்து உயர்த்தி, திருகாணி போட்டு இறக்கி, இரண்டு கல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். மெழுகோ பட்டியோ இடைவெளியை அடைக்க மட்டும்தான். உடைந்த இடத்திலும் அதே கதைதான். பாரத்தைத் தாங்க வேண்டியது கீழே இருக்கும் மரம். பசையை நம்பிக் கல்லைத் தொங்கவிட்டால் இன்றில்லாவிட்டால் நாளை, யாராவது டேபிள் நடுவில் உட்காரும்போது, அது விட்டுக்கொடுக்கும். உட்காராதே என்றால் கேட்கிற ஆள் யார் இருக்கிறார்கள்?

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பசையை அல்ல, அடிச்சட்டத்தை. உடைந்த கோட்டுக்கு நேர் கீழே குறுக்குக் கட்டை ஏதாவது ஓடுகிறதா? பழைய டேபிள்களில் மூட்டுகளுக்குக் கீழே கட்டாயம் இருக்கும், நடுவில் இருப்பதும் இல்லாததும் அந்தந்தத் தயாரிப்பைப் பொறுத்தது. இல்லையென்றால் ஒன்று சேர்க்கலாமா, அதற்கு இரண்டு பக்க நெடுங்கட்டையிலும் பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே தெரியாது, பழைய மரத்தில் நாலு திருகாணித் துளைக்கு மேல் சேதமில்லை, வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். பழம்பொருளில் கை வைக்கும்போது இந்தக் கடைசிக் காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அடுத்தது, உடைந்த முகம். இரண்டு துண்டின் முகத்தையும் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். நேராக, கரடுமுரடாக, ஒன்றுக்கொன்று பல் பதிந்தாற்போல இருந்தால் நல்லது. முகத்தில் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இறங்கியிருந்தால் கல் குறுக்கே உடைந்ததோடு நிற்கவில்லை, கிடைவாக்கிலும் பிளந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிளவுக்கு ஒரு நாணயம் போதும். சிலேட்டின் மேல் அரையடிக்கு ஒரு தரம் நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கல் "ணங்" என்று ஒரே மாதிரிப் பேசும். பிளந்த இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போகும், உளுத்த மரத்தைத் தட்டியதுபோல. அந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உடைப்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அந்த வட்டம் இருந்தால் பரவாயில்லை. உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தால் அந்தக் கல்லை நம்பி நான் பேச்சுக் கொடுக்க மாட்டேன்.

முன்பு யாரோ பூசியது என்ன என்பதும் தெரிய வேண்டும். படத்தில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்தால் பிளாஸ்டர் மாதிரி இருக்கிறது, சுண்டினால் பொடியாக உதிர்ந்தால் அதுதான். பிளாஸ்டர் என்றால் ஈரத்தில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். மெழுகாக இருந்தால் முகத்தின் துளைகளில் ஏறியிருக்கும், அதற்கு மேல் எந்தப் பசையும் பிடிக்காது. கம்பி பிரஷ்ஷை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உடைந்த முகத்தில் இருக்கும் மணல் மணலான துணுக்குகள்தான் இரண்டு துண்டையும் சரியான இடத்தில் உட்கார வைப்பவை. அவற்றைத் தேய்த்துத் தள்ளிவிட்டால் பிறகு துண்டுகள் வழுக்கும், பட்டி போட்டு நிரப்ப வேண்டியதுதான்.

இப்போது "புதுசு மாதிரி" என்ற சொல்லுக்கு வருகிறேன். உரிமையாளர் அதைச் சாதாரணமாகச் சொல்லியிருப்பார். நீங்கள் சரி என்று தலையாட்டினால் அது ஒப்பந்தம் ஆகிவிடும். உலகப் பூல் சங்கத்தின் அளவுகளைப் பாருங்கள்: சிலேட்டு குறைந்தது ஓர் அங்குலக் கனம், ஆடுதளம் நீளவாக்கில் 0.020 அங்குலம், அகலவாக்கில் 0.010 அங்குலத்துக்குள் சமதளமாக இருக்க வேண்டும். மூட்டுகளில் இரண்டு கல்லுக்கும் இடையே உயர வித்தியாசம் 0.005 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கடைசி அளவு 0.127 மில்லிமீட்டர். அச்சடிக்கும் வெள்ளைத் தாள் ஒன்றின் கனத்தைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நம் கைவசம் கல்லை உயர்த்த அடியில் செருகும் ஷிம்மாகப் பயன்படும் சீட்டுக்கட்டுச் சீட்டே ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வரும். விரல் நுனியை மூட்டின் மேல் ஓட்டிப் பார்த்தால் தோல் ஏமாற்றும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், தடுக்கினால் வேலை முடியவில்லை.

நல்ல இரண்டு சிலேட்டின் மூட்டில் இந்த அளவைக் கொண்டுவருவது தினப்படி வேலை, ஏனென்றால் அந்த விளிம்புகளைத் தொழிற்சாலையில் நேராக வெட்டித் தேய்த்திருக்கிறார்கள். உடைந்த கோட்டில் மட்டம் கொண்டுவரலாம், ஆனால் விளிம்பு ஓரத்தில் சிறு சிறு சில்லு போயிருக்கும். அதைப் பட்டியால் நிரப்பிச் சுரண்டிச் சமப்படுத்த வேண்டும். வீட்டில் ஆடுபவருக்கு அது போதும். இன்றைய மெல்லிய, வேகமான துணி போட்டால் அடியில் இருப்பது எல்லாமே மேலே தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். போட்டி நடத்தும் அளவுக்கு வேண்டும் என்றால் உடைந்த கல்லை வைத்துக்கொண்டு நான் வாக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

அப்படியானால் ஒரு சிலேட்டை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். முதல் யோசனையாக எல்லோருக்கும் வருவது அதுதான், பெரும்பாலும் அது நடக்காது. மூன்று சிலேட்டும் ஒரு தொகுப்பு. ஒன்றாக வைத்துத் தேய்த்துக் கனத்தைச் சரிசெய்திருப்பார்கள். வேறு தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துவந்தால் கனம் மாறும், பாக்கெட் வெட்டு மாறும், டேபிளின் ஓரச் சட்டமான ரெயிலுக்கான போல்ட் துளை ஒரு நூல் தள்ளி நிற்கும். கனத்தைக்கூட அடியில் தகடு கொடுத்துச் சமாளிக்கலாம். துளை தள்ளி நின்றால் ரெயிலில் துளை போடுவதா கல்லில் போடுவதா என்ற கேள்வி வரும், இரண்டுமே வேண்டாத வேலை. மாற்றுவது என்றால் மூன்றையும் மாற்றுவதுதான் முறை. அதிலும் பழைய டேபிளின் அளவு இன்றைய ஒன்பதடி அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய ஒன்பதடியின் ஆடுதளம், குஷன் மூக்கிலிருந்து (பந்து படும் ரப்பர் விளிம்பு) எதிர் மூக்குக்கு, 100 அங்குலம் நீளம், 50 அங்குலம் அகலம். பழையவற்றில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ரெயில் எப்படிப் பூட்டப்படுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். இன்றைய டேபிள்களில் போல்ட் கீழிருந்து மேலாகச் சிலேட்டைத் துளைத்து ரெயிலுக்குள் போகும். பழைய டி-ரெயில் டேபிள்களில் அப்படியில்லை. போல்ட் பக்கவாட்டில், ரெயிலின் வெளிமுகத்திலிருந்து உள்ளே வந்து, சிலேட்டின் விளிம்பில் பதித்த நட்டில் இறங்கும். அந்த நட்டைக் கல்லுக்குள் ஈயம் ஊற்றி உட்கார வைத்திருப்பார்கள். இந்த வகை என்றால் உடைந்த கல்லைவிட அந்த நட்டுகள்தான் உங்களைத் தூங்கவிடாது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும், கிட்டத்தட்ட உங்கள் நிலை. டி-ரெயில் டேபிள், மூலைச் சிலேட்டில் விரிசல். உரிமையாளர் போனில் சொன்னதைக் கேட்டே மொத்தமாக ஒரு தொகை சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்துவிட்டேன். விரிசலைச் சுத்தம் செய்து எபாக்சி என்ற இரண்டு பொருள் கலக்கும் பசையை ஏற்றி, ஆப்பு வைத்து, ஓர் இரவு காய விட்டேன். அறை குளிர்ந்து கிடந்தது. எபாக்சி குளிரில் இறுக நேரமெடுக்கும் என்று தெரியும், ஆனாலும் நாள் குறித்தாயிற்றே. காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தது போலத்தான் இருந்தது. மட்டம் பார்த்தேன், அருமையாக நின்றது. ரெயிலைத் தூக்கி வைத்து போல்ட்டை இறுக்க ஆரம்பித்தேன். நாலாவது போல்ட் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியது. இன்னும் கால் சுற்று என்று கை போனது. "டக்". சத்தம் பெரிதாகக்கூட இல்லை. நட்டு ஈயத்தோடு சேர்ந்து சுழன்று, விளிம்பிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு செதிலைத் தூக்கிவிட்டது. விரிசலும் திறந்துகொண்டது. உரிமையாளர் பின்னால் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வேலையை முடிக்க இன்னும் பதினொரு நாள் ஆனது. வாங்கிய தொகை வண்டி வாடகைக்குக்கூடக் காணவில்லை. தப்பு எபாக்சியில் இல்லை. பிரித்துப் பார்க்காமலேயே முழு வேலைக்கும் ஒத்துக்கொண்டேன், நாளையும் நானே குறித்தேன். இந்த இரண்டும்தான். நட்டுகளை முதலில் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் டி-ரெயில் என்றால் போல்ட்டை வெறுமனே விரலால் ஏற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்காமல் ஸ்பானரைத் தொடுவதில்லை. ஈயத்தைப் பழுது பார்க்க வேண்டுமென்றால் சூடாக்குவது, சுரண்டுவது எதுவானாலும் கையுறை, முகமூடி, திறந்த இடம். அந்தப் புகையையும் தூளையும் வீட்டுக்குள் விடக் கூடாது.

சந்தேகத்துக்கு இடமுள்ளவை பசையும் மூட்டுப் பூச்சும். இதில் மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். மூட்டுக்குத் தேன்மெழுகு என்பார் ஒருவர்: உருக்கி ஊற்றலாம், சுரண்டலாம், அடுத்த தடவை பிரிக்கும்போது கல்லுக்குச் சேதமில்லாமல் விடும். கார் பட்டிதான் என்பார் இன்னொருவர்: மெழுகு குளிரில் விரிசல் விடும், வெயிலில் இளகும், பட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. உடனடிப் பசையை மூட்டுக்குள் ஓடவிட்டு ஒட்டுபவர்களும் உண்டு, அவர்கள் மூட்டு அசையவே அசையாது, ஆனால் பிரிக்கிறவர் சபிப்பார். மூன்றிலும் நன்றாக நின்றதையும் பார்த்திருக்கிறேன், கெட்டதையும் பார்த்திருக்கிறேன். கெட்டதற்குப் பெரும்பாலும் காரணம் கீழே ஆப்பு சரியாக இல்லாததுதான். என் பழக்கம், பழைய மூட்டுகளுக்கு மெழுகு. உடைந்த கோட்டுக்கு மட்டும் மெதுவாக இறுகும் எபாக்சி, அதுவும் துண்டுகளை அடிச்சட்டத்தின் மேலேயே வைத்து, முதலில் மட்டத்தைக் கொண்டுவந்து, பிறகு அந்த நிலையிலேயே ஒட்டுவது. கீழே தரையில் ஒட்டிக் காயவைத்து, பிறகு நாலு பேர் தூக்கி மேலே வைப்பது என்ற யோசனையே வேண்டாம். தூக்கும்போது வளையும் வளைவில் அது மறுபடி உடையும். அடியில் எஃகுத் தகடு வைத்து ஒட்டுவது பலன் தருமா என்று கேட்டால், குறுக்குக் கட்டை இருந்தால் தேவைப்படவில்லை என்பது என் அனுபவம். கல்லில் துளை போட்டுக் கம்பி செருகுவதை நான் செய்வதில்லை. நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தவறினால் இரண்டு துண்டு நாலாகும்.

மூலையில் பெயர்ந்த சில்லுக்கு ஒரே ஒரு கேள்விதான்: அதில் போல்ட் துளை இருக்கிறதா? இல்லையென்றால் பட்டியால் வளைவைக் கட்டி உப்புத்தாளால் உருட்டிவிடலாம், பந்து விழும் இடம், யாரும் அறிய மாட்டார்கள். துளையும் சேர்ந்து போயிருந்தால் அந்த மூலையில் ரெயிலுக்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பில்லாத ரெயிலில் பந்து பட்டால் சொத்தென்று சத்தம் வரும், திரும்பாது. உப்புத்தாள் என்றதும் ஒன்று: சிலேட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, உலர்ந்த தேய்ப்பில் கிளம்பும் தூள் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. ஈரமாகத் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று இருந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

ரப்பர் உங்களுக்குத் தெரிந்த வேலை, அதனால் நீட்டவில்லை. குஷன் மூக்கின் உயரம் பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம், ஒரு சதவீதம் முன்பின். 57.15 மில்லிமீட்டர் பந்துக்கு 36.3 மில்லிமீட்டர் சொச்சம். பழைய ரெயிலில் இன்றைய கே-66 ரப்பர் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிட்டு உயரம் வரவில்லை என்று திணறுவது அடிக்கடி நடக்கிறது. பழைய ரப்பரைப் பிடுங்குவதற்கு முன் அதன் குறுக்கு வெட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், மரத்தின் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ரெயில் கட்டையின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். எத்தனை தரம் துணி மாற்றி எத்தனை ஸ்டேப்ளர் பின் வாங்கிய மரமோ, தூளாக இருந்தால் புதிய பின் நிற்காது.

மரத்தின் மெருகில் அவசரப்படாதீர்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு, அதைச் சுரண்டி எடுக்காமலே புதுப்பிக்கலாம். தெரியாமல் பெயின்ட் நீக்கியை ஊற்றிவிட்டால் உரிமையாளர் கேட்ட "பழைய தோற்றம்" அத்தோடு போயிற்று. மெழுகு உருக்கும் டார்ச் சுடரும் அப்படித்தான், அரக்கு பக்கத்தில் போனால் கொப்புளிக்கும். ரெயிலில் பதித்த குறிகள் தந்தமாக இருக்க வாய்ப்புண்டு, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். இரண்டும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. அந்த ரோஸ்வுட் 1992 முதல். பழுது பார்ப்பதில் சிக்கல் இல்லாவிட்டாலும், விற்கவோ எல்லை தாண்டி அனுப்பவோ உரிமையாளர் நினைத்தால் சட்டம் குறுக்கே வரும். தெரிவித்துவிடுவது உங்கள் கடமை, முடிவு அவருடையது.

உரிமையாளரிடம் ஒன்றை நேராகக் கேட்டாக வேண்டும்: இந்த டேபிள் எதற்கு? தினமும் ஆடவா, அப்பா ஆடிய டேபிள் என்று கூடத்தில் நிற்க வேண்டுமா, விற்கவா? மூன்றும் மூன்று வேலை. ஆடத்தான் என்றால் புதிய சிலேட்டுத் தொகுப்பு பேசலாம், பழைய கல்லைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். நினைவுக்கு என்றால் பழைய கல்லை ஒட்டுவதுதான் நியாயம், ஆட்டம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அவர் மன்னிப்பார். விற்பதற்கு என்றால் உடைப்பை மறைக்கச் சொல்கிறாரா என்று காது கொடுத்துக் கேளுங்கள். துணிக்கு அடியில் இருப்பதை வாங்குகிறவர் பார்க்க மாட்டார், பார்க்கும் நாளில் உங்கள் பெயர்தான் வெளியே வரும். இன்னொன்று, முன்பு யாரையாவது கூப்பிட்டாரா, அவர்கள் ஏன் விட்டார்கள் என்றும் கேளுங்கள். "அவனுக்கு வேலை தெரியவில்லை" என்று பதில் வந்தால், அடுத்து வருபவரிடம் உங்களைப் பற்றியும் அதையேதான் சொல்வார்.

சரி, எடுப்பதா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முழு வேலையையும் இப்போது எடுக்காதீர்கள். பிரித்துப் பார்க்கும் வேலையை மட்டும் எடுங்கள். அதற்குத் தனிக் கூலி, தனிப் பேச்சு. முடிவில் "முடியும்", "புதுக் கல் போட்டால் முடியும்", "என்னால் முடியாது" என்ற மூன்றில் ஒன்றைச் சொல்வதாக மட்டும் வாக்குக் கொடுங்கள், எழுத்தில். முடியாது என்று சொன்னாலும் அந்தக் கூலி உங்களுடையது. சில பேர் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், பார்க்க வருவதற்கா காசு என்பார்கள். அப்படிச் சொல்கிறவரோடு உடைந்த கல்லை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இருக்க முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும், நல்லதுதான்.

பிரித்த பிறகு, கல் குறுக்கே மட்டும் உடைந்திருந்து, நாணயச் சத்தம் உடைப்பை ஒட்டியே செத்து, அடிச்சட்டம் உறுதியாக இருந்து, உரிமையாளரும் நாள் குறிக்காமல் இருந்தால் எடுங்கள். ஆறு வருட அனுபவம் இதற்குப் போதும், மூட்டு சேர்க்கத் தெரிந்த கைக்கு இது இன்னொரு மூட்டு. நூல்மட்டம் தெரியும் நல்ல இயந்திர ரசமட்டம் ஒன்று வேண்டும். கொத்தனார் ரசமட்டம் உதவாது. ஓர் அடிக்கு 0.0005 அங்குலம் காட்டும் வகை இருந்தால் நிம்மதி, 0.005 காட்டும் வகையிலும் பொறுமையாகச் செய்யலாம். ஆறடி நேர்சட்டம் ஒன்று இரவல் வாங்குங்கள். தூக்க நாலு பேர், அவர்களில் ஒருவராவது முன்பு சிலேட்டுத் தூக்கியவர். உடைந்த துண்டுகளைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது, எப்போதும் விளிம்பில் நிறுத்தியே.

கல் கிடைவாக்கில் பிளந்திருந்தால், டி-ரெயில் நட்டு இரண்டுக்கு மேல் ஆடினால், அல்லது புதுசு மாதிரி என்ற சொல்லை உரிமையாளர் விட மறுத்தால், நான் விட்டுவிடுவேன். இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கலாம், அவர்களிடம் அனுப்பலாம். மூன்றாவதற்கு ஆளே கிடையாது.

போகும்போது ஒரு டார்ச் லைட், ஒரு நாணயம், சாக்குக்கட்டி, ஒரு சீட்டுக்கட்டு, நைலான் பிரஷ், கேமரா. முதலில் சிலேட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கல் எந்தப் பக்கம் என்று பழைய ஆட்கள் எண்ணோ கோடோ கீறி வைத்திருப்பார்கள். அதைப் படம் எடுத்த பிறகு மற்றதைத் தொடுங்கள். நட்டுகளை ஆட்டிப் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள், அப்போது பசையைப் பற்றிப் பேசலாம்.